பதினேழாவது குழாய்

தாயாரம்மாளின் மார்பிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு சிறு துண்டு, பெரும்பாக்கத்தைத் தாண்டி இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போயிருந்தது. அதைப் பற்றி அவள் விசாரிக்கும் தோரணை, விடுதியில் சேர்த்துவிட்டு வந்த பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல இருக்கும்.

“இன்னாம்மே, என் பீசு அங்க ஒழுங்கா கீதா?”

“இருக்கு அத்தை. குளிர்ல தூங்குது.”

“கரண்டு போனா?”

“ஜெனரேட்டர் இருக்கு.”

“அதுக்காவது கீதே. நமக்குத்தான் விசிறி மட்ட.”

உதயா அவளுடைய தம்பி மகள். மாடம்பாக்கத்தில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு, தினமும் இரண்டு பஸ் மாறி அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய் வருகிறவள். முப்பது தாண்டியும் ‘இன்னும் படிக்கிறாள்’ என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் பெண். புற்றுநோய் ஓரிடத்தில் பிறந்து எப்படி இன்னோர் இடத்துக்குப் பரவுகிறது என்பதுதான் அவளுடைய படிப்பு. அத்தைக்கே அந்த நோய் வந்தபோது, அறுவைக்கு முந்தின வாரம், வெகுநேரம் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். வெட்டி எடுக்கும் கட்டியில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று. குப்பையில் போடுகிறதைக் கேட்பதற்கு இவ்வளவு நேரமா என்றாள் தாயாரம்மாள். கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை நடந்த மருத்துவமனையிலிருந்து வரும் துண்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வந்த தேதியை வைத்து, அத்தையுடையது பதினேழு என்று உதயாவுக்குத் தெரிந்தது. அது தன் சொந்தக்காரருடையது என்று உதயா லேபில் யாரிடமும் சொல்லவில்லை. எண் போட்டபின் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தாள். துண்டை எப்போதோ அரைத்துக் கரைத்தாகிவிட்டது, குழாயில் மிஞ்சியிருப்பது அதிலிருந்து பிரித்தெடுத்த சில சொட்டுத் தெளிவான நீர்தான் என்பதை அத்தையிடமும் சொல்லவில்லை. பிள்ளை தூங்குவதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தாயாரம்மாளுக்கு அனகாபுத்தூரில் ஷாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. புருஷன் போனபிறகும் ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணமோ கருமாதியோ, அந்தத் தெருக்களில் எது நடந்தாலும் அவளுடைய அண்டாவில்தான் சோறு வேகும். வாடகைக்குப் போன சாமான் திரும்பி வரும்போது அவள் வண்டியைப் பார்ப்பதில்லை. கொண்டுவருகிறவன் முகத்தைப் பார்ப்பாள். “எந்த அண்டாடா ஒடுக்கு வாங்கிச்சி?” என்பாள். அவன் திருதிருவென்று விழிப்பான். ஷாமியானாவில் மட்டும் முகத்தை நம்ப மாட்டாள். துணியைப் பிரித்து, இரண்டு பாகம் சேரும் இடத்தில் தன் கையால் போட்ட சிவப்பு நூல் தையலைத் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுத்து வைப்பாள். எல்லாத் துணியும் ஒரே மாதிரிதான், ஒட்டுதான் யாருடையது என்று சொல்லும் என்பது அவள் கட்சி.

அந்த ஊரில் பேச்சு எப்போதும் முழுசாக முடியாது. நடுவில், பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் விமானம் தாழப் பறக்கும். பேசுகிறவர் வாயை அப்படியே நிறுத்தி, அது கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார். வெளியூர்க்காரர்கள் கத்திப் பேசிப் பார்ப்பார்கள். அனகாபுத்தூர்க்காரர்கள் காத்திருப்பார்கள். சின்ன வயதிலிருந்தே உதயாவுக்கு அந்த இடைவெளிகள் பிடிக்கும். பேசவேண்டாத நேரத்தை வானமே ஒதுக்கிக் கொடுப்பது போல.

அப்படி ஓர் இடைவெளிக்குப் பிறகுதான் தாயாரம்மாள் கேட்டாள், அந்தத் துண்டில் அப்படி என்னதான் தேடுகிறாய் என்று. அறுவை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, தினம் ஒரு மாத்திரை ஐந்து வருஷத்துக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்த சமயம். உதயா தனக்குத் தெரிந்த எளிய வழியில் சொன்னாள். உடம்பில் எழுதியிருப்பதை நகலெடுத்துக்கொண்டு போவது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் அந்த நகலைப் பார்த்து உடம்பு புரதம் செய்யும். புரதம்தான் வேலை செய்யும். ஆனால் சில ஆர்.என்.ஏ.க்களை வைத்து அது எதுவுமே செய்வதில்லை. அவை சும்மா இருக்கும். ரொம்ப நாளாக அவற்றைக் குப்பை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பார்த்தால், யார் பேசவேண்டும், யார் வாயை மூடவேண்டும் என்பதைப் பக்கத்தில் இருந்தபடியே அவை தீர்மானிக்கின்றன. ஒரு செல், இருந்த இடத்தை விட்டுக் கிளம்பவேண்டுமா என்பதைக்கூட.

தாயாரம்மாள் யோசித்தாள்.

“உங்க மாமா மாதிரின்னு சொல்லு. கல்யாண வூட்டுல ஒரு துரும்பக் கிள்ளிப் போட மாட்டாரு. ஒரு சேரப் போட்டுகினு சும்மா ஒக்காந்துனு இருப்பாரு. அவரு ஒக்காந்தாத்தான் பந்தி ஒழுங்கா நடக்கும். ஒரு மொற மொறச்சாரு வையி, நல்லா சாப்ட்டுகினு இருந்தவன்கூட எலைய விட்டு எழுந்து போயிடுவான்.”

உதயா சிரித்துவிட்டாள். அவள் ஆராய்ந்த ஆர்.என்.ஏ.வுக்கு எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு பெயர் இருந்தது. லேபில் கூட வேலை செய்யும் ஸ்டெபின் அதற்குச் ‘சும்மா’ என்று பெயர் வைத்திருந்தான். ‘அக்கா, பன்னெண்டுல சும்மா எவ்ளோ ஏறியிருக்கு?’ என்றுதான் கேட்பான். மாமாவைப் பற்றிச் சொன்னால் அவன் பெயரை மாற்றிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த பாசம் பெரும்பாலும் வாய்ச்சண்டை வடிவில்தான் இருந்தது. தாயாரம்மாளுக்கு ஒரே மகன், வெற்றிவேல். நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை. உதயாவுக்கு முறை. கட்டிக்கொள்ளச் சொல்லிப் பெரியவர்கள் கேட்டபோது இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் மாட்டேன் என்றார்கள். அவன் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டு நாவலூரிலேயே குடியேறிவிட்டான். ஆனாலும் தாயாரம்மாள் அந்த வழக்கை மூடவே இல்லை. ரசம் புளித்தால், பஸ் தாமதமானால், மழை பெய்தால்கூட, என் பிள்ளையைக் கட்டியிருந்தால் இந்தக் கஷ்டம் உண்டா என்பாள். உதயாவும் விடமாட்டாள்.

மழைக்காலம் முடிகிற வேளையில் முப்பத்துச் சொச்சம் மாதிரிகளையும் அளந்து முடித்தார்கள். உதயாவின் வழிகாட்டி ஸ்ரீநிவாசராகவன் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். இருபது வருஷமாக அந்த லேபை நடத்துகிறவர். ஏற்கெனவே வேறிடத்துக்குப் பரவியிருந்த கட்டிகளில் சும்மா உயரத்தில் இருந்தது. பரவாதவற்றில் தாழ இருந்தது. தட்டில் வளர்த்த செல்களில் சும்மாவை அடக்கியபோது அவை நகரும் வேகம் குறைந்ததை முன்பே பார்த்திருந்தார்கள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றார். பிறகு பேனா முனையால் ஒரு புள்ளியைத் தொட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக நின்ற புள்ளி.

“இவங்களுக்கு இன்னும் பரவலைன்னு ரெக்கார்ட் சொல்றது. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சுப் பாருங்கோ.”

பதினேழு.

உதயா தலையாட்டினாள். அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, கழுவி, பையில் வைத்துக்கொண்டாள். என்ன சாப்பிட்டோம் என்பது சாயங்காலம் பஸ்ஸில் நினைவுக்கு வரவில்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆராய்ச்சியில் வந்த எண்ணை நோயாளியிடம் சொல்வது விதிக்கு விரோதம். சொல்லி ஆகப்போவதும் இல்லை. அவள் செய்யக்கூடியது வாயை மூடிக்கொள்வது ஒன்றுதான், அதை ஒழுங்காகச் செய்வோம் என்று தீர்மானித்தாள். ஞாயிறுதோறும் அனகாபுத்தூர் போனாள். போகும்போது மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போனாள். அத்தை துணி மடித்தால் பிடுங்கித் தான் மடித்தாள். கடைக்கு முன்னால் தெருவில் தண்ணீர் தேங்கினால் தானே போய்ப் புகார் கொடுத்து வந்தாள். ‘என் புள்ளையக் கட்டியிருந்தா’ என்று தாயாரம்மாள் ஆரம்பித்தால், “சரி அத்தை, என் தப்புதான்” என்றாள். அப்படிச் சொன்ன முதல் தடவை தாயாரம்மாள் கையிலிருந்த வேலையை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். உதயா பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கவனிக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் போனபோது கடையின் பின்கட்டு வெறிச்சென்று இருந்தது. சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கும் பெரிய அண்டாக்களைக் காணோம். பம்மலில் இதே தொழில் செய்கிறவனுக்குக் கொடுத்துவிட்டதாக அத்தை சொன்னாள். தூக்க ஆள் கிடைப்பதில்லை, வயதும் ஆகிறது என்றாள். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. உதயாவும் சரி அத்தை என்றாள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தீப்பெட்டி தேடினாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் மாத்திரை அட்டைகள். வெற்றிவேல் மாதாமாதம் வாங்கிப் போட்டவை. மேலே கிடந்த ஒன்றில் மட்டும் சில குழிகள் உடைந்திருந்தன. மற்றதெல்லாம் கடையில் கொடுத்தபடியே ரப்பர் வளையம் போட்டு இருந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். தாயாரம்மாள் தரையில் ஷாமியானாவை விரித்து, பிரிந்துபோன ஒட்டை மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அத்தை போடல?”

“போட்டா கை காலெல்லாம் குடையிது.”

“டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்தித் தருவாரு. அதுக்காக நிறுத்துவாங்களா?”

ஒரு விமானம் வந்தது. இருவரும் காத்திருந்தார்கள். தாயாரம்மாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். 

“இன்னாத்துக்குப் போடணும்? நீதான் சொல்லிட்டியே.”

“நான் எதுவும் சொல்லலயே.”

“வாயால சொல்லல. நான் ஒரு வார்த்த சொன்னா நீ ரெண்டு வார்த்த திருப்பிக் குடுக்கறவ. இப்ப இன்னா திட்னாலும் சரி அத்த, சரி அத்தன்ற. மாதுளம்பழம் வாங்கினு வர. உன் ஆயுசுல எனக்கு ஒரு வாயப்பழம் வாங்கினு வந்துகிறியா? அந்தப் பீசுல நீ இன்னாவோ பாத்துட்ட. பாத்துட்டு முழுங்கினு கீற.” குரலில் கோபம் இல்லை. ஒடுக்கு விழுந்த அண்டாவைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினாள். “போற கட்டைக்கு எதுக்கு மாத்திர? கை கால் குடைச்சல் இல்லாமயாவது இருந்துட்டுப் போறேன்.”

உதயா தரையில் உட்கார்ந்தாள். மடியில் டப்பா. இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் சொன்னாள். எண் அதிகமாக வந்ததையும், மற்ற எல்லோருக்கும் மேலே அந்தப் புள்ளி நின்றதையும், வழிகாட்டி சொன்னதையும்கூட. சொல்லிவிட்டு, அது வெறும் ஆராய்ச்சிதான், அதை வைத்து ஓர் ஆளுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, இன்னும் எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்று வேகவேகமாக அடுக்கினாள்.

தாயாரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப நீ ஏன் நம்புன?”

உதயா டப்பாவை மூடினாள். ஒரு வாரம் பொறுங்கள், அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தாள். தாயாரம்மாள் மறுபடி ஊசியை எடுத்தாள். 

மறுநாள் காலை தாம்பரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்தும், வேளச்சேரி சாலையில் கடந்து போனவை எதையும் அவள் பார்க்கவில்லை. ஏன் நம்பினேன் என்பதையே சுற்றிச் சுற்றி வந்தாள். இயந்திரம் சொன்னது என்பதால். பெரியவர் சொன்னார் என்பதால். வரைபடம் அழகாக இருந்தது என்பதால். பிறகு ஒரு காரணமும் இல்லாமல், செய்முறையை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். துண்டை அரைப்பது. ஆர்.என்.ஏ.வைப் பிரிப்பது. அதைத் திருப்பி டி.என்.ஏ.வாக நகலெடுப்பது. அந்த நகலை இயந்திரத்தில் பெருக்கி அளப்பது.

மேடவாக்கம் கூட்டுரோட்டில் மெட்ரோ வேலைக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மண்டபத்து வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுத்துணி. ஒரே அகலம், நடுவில் ஒட்டே இல்லை. இதை அத்தை எப்படி யாருடையது என்று கண்டுபிடிப்பாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடியும் முன்பே, ஒட்டு என்ற சொல்லில் மனசு நின்றது.

பெரும்பாலான மரபணுக்கள் டி.என்.ஏ.வில் துண்டு துண்டாகக் கிடக்கும். ஆர்.என்.ஏ. ஆகும்போதுதான் அந்தத் துண்டுகள் சேர்ந்து ஒட்டு விழும். அந்த ஒட்டைப் பிடித்து அளந்தால் ஆர்.என்.ஏ. மட்டும்தான் கணக்கில் வரும். தப்பித்தவறிக் கூடக் கலந்து வந்த டி.என்.ஏ.வில் ஒட்டு இல்லாததால் அது தானாக விலகிவிடும். இருபது வருஷமாக அந்த லேபில் ஒட்டு உள்ளவற்றையே அளந்து வந்தார்கள். அதனால் கலந்து வரும் டி.என்.ஏ.வைச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்யாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. சுத்தம் செய்யப்போனால் மருத்துவமனை மாதிரியில் கிடைக்கும் கொஞ்ச ஆர்.என்.ஏ.வும் சிதைந்துபோகும் என்பதால், அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே சொல்லிக் கொடுத்தார்கள். உதயாவும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். பின்னால் வந்தவர்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தாள்.

சும்மாவில் ஒட்டு இல்லை. அது ஒரே துண்டு.

லேபுக்குப் போய்ப் பையைக்கூடக் கழற்றாமல் உறைபெட்டியைத் திறந்து பதினேழை எடுத்தாள். அடியில் ஒரு தடவைக்குக் காணும் அளவு இருந்தது. ஒன்று, அதைச் சுத்தம் செய்து மறுபடி அளக்கலாம். மிஞ்சினால் உண்மையான எண் கிடைக்கும். அல்லது, நகலெடுக்கும் நொதியைச் சேர்க்காமல் அப்படியே இயந்திரத்தில் வைக்கலாம். நகலே எடுக்காதபோது, உள்ளே இருப்பது ஆர்.என்.ஏ. மட்டும் என்றால் இயந்திரம் எதையும் காட்டக்கூடாது. காட்டினால், அவர்கள் இத்தனை நாள் அளந்தது டி.என்.ஏ.வை.

பனி விலகும்வரை குழாயை விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னோர் எண் வந்தால் அதையும் நம்புவோம் என்று தோன்றியது. அதைத் தூக்கிக்கொண்டு இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அனகாபுத்தூர் போவது? நொதியைச் சேர்க்காமல் வைத்தாள்.

திரையில் கோடு தரையோடு தரையாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டெபின் பின்னால் வந்து நின்று என்ன என்று கேட்டான். அவள் விரலால் கோட்டைக் காட்டினாள். அவனும் திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கோடு மெல்லத் தலை தூக்கியது. முன்பு எந்த இடத்தில் ஏறியதோ கிட்டத்தட்ட அதே இடத்தில் ஏறியது.

“மாதாவே,” என்றான் ஸ்டெபின், மெதுவாக. கொஞ்சம் கழித்து, “சும்மா நெஜமாவே சும்மாதான் இருந்திருக்கு,” என்றான். உதயாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. ஐந்து வருஷ ஆராய்ச்சி போனதற்கா, அத்தையின் தலைக்கு மேலிருந்த புள்ளி போனதற்கா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிச்சம் இருந்த மற்றக் குழாய்களையும் அன்று சாயங்காலத்துக்குள் அப்படியே ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ஏறின. பரவிய கட்டிகள் பெரியவை, செல்கள் நெருக்கி அடைந்தவை. அதனால் டி.என்.ஏ.வும் அதிகமாகக் கலந்து வந்திருந்தது. பரவாவிட்டாலும் பதினேழும் அப்படி நெருக்கி அடைந்த கட்டிதான். வரைபடம் அழகாக இருந்ததன் காரணம் அவ்வளவுதான்.

ஸ்ரீநிவாசராகவன் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கட்டுரை ஒரு பத்திரிகையின் பரிசீலனையில் இருந்தது. அறைக்கு வெளியே யாரோ தட்டுகளைக் கழுவும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. சாதாரணமாக அவர் மௌனத்தை உதயாவால் தாங்க முடியாது. அன்று அவசரமே இல்லாமல் நின்றாள்.

“மத்தக் குழாயே போதுமே. இருக்கறதுலயே கம்மியா இருந்த பதினேழை ஏன் மொதல்ல எடுத்தேள்?”

“அது என் அத்தையோடது சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஆமாம் என்றாள். தெரிந்திருந்தால் அந்த மாதிரியைச் சேர்த்திருக்கவே மாட்டேன் என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். 

“அந்தப் புள்ளியைக் காட்டி நான் ஒண்ணு சொன்னேனே.”

“சொன்னீங்க சார்.”

“உங்க முகத்தை நான் பாக்கலை,” என்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டுரையைத் திரும்பப் பெற அன்றைக்கே எழுதுவதாகவும், புது மாதிரிகளைச் சுத்தம் செய்தே அளக்கலாம் என்றும் சொன்னார். தட்டில் வளர்த்த செல்கள் மெதுவானது பொய்யில்லை, அதில் ஏதோ இருக்கிறது, ஆனால் என்ன என்று இப்போது தெரியாது என்றார். அவளுடைய பட்டம் இன்னும் ஒரு வருஷமோ இரண்டோ தள்ளிப்போகும்.  

சொன்ன வாரம் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. அடுத்த நாளே மத்தியானம் அனகாபுத்தூர் போனாள். கையில் பழம் இல்லை. தாயாரம்மாள் கடைவாசலில் கரண்டிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வேலை நாளில் உதயா வந்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்திருக்காமலே பக்கத்திலிருந்த முக்காலியைத் தள்ளினாள்.

உதயா சொன்னாள். அந்த எண் தப்பு. ஆர்.என்.ஏ. என்று நினைத்து வேறொன்றை அளந்துவிட்டோம். ஒட்டே இல்லாத துணியை ஒட்டைப் பார்த்துக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டோம் என்று சொன்னபோது தாயாரம்மாள் அரைகுறையாகத் தலையாட்டினாள்.

“அப்ப எனுக்குப் பரவாதா?”

“தெரியாது அத்தை.”

“கொறஞ்ச நெம்பரா அது?”

“அதுவும் தெரியாது. அத இனிமே பார்க்கவும் முடியாது. உங்க குழாய் காலி.”

“காலின்னா? என் பீசு?”

“தீர்ந்துபோச்சு. கடைசிச் சொட்டு இதக் கண்டுபிடிக்கத்தான் போச்சு.”

தாயாரம்மாளுக்கு நிஜமாகவே முகம் வாடியது. பரவுமா என்று கேட்டபோதுகூட அப்படி வாடவில்லை. இவ்வளவு நாள் ஜெனரேட்டர் போட்டு வைத்திருந்து கடைசியில் இப்படியா என்று முணுமுணுத்தாள். ஒரு கரண்டியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“அப்ப யாருக்குத்தான் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. மாத்திரை போட்டா திரும்ப வர்றது குறையுதுன்னு மட்டும் தெரியும். அது என் நம்பர் மாதிரி இல்ல. உங்கள மாதிரி ஆயிரக்கணக்கான பேர வருஷக்கணக்கா பார்த்துட்டு சொல்றது.”

தாயாரம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உதயாவின் முகத்தைப் பார்த்தாள். வண்டியிலிருந்து சாமான் இறக்குகிறவனைப் பார்க்கும் பார்வை. உதயா முகத்தைத் திருப்பவில்லை. வெயில் கண்ணில் அடித்தது. எதிர்வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. பார்த்துக்கொண்டே தாயாரம்மாள் சொன்னாள்:

“என் புள்ளையக் கட்டியிருந்தா, அஞ்சு வருஷம் பட்ச்சத மறுபடியும் மொதல்லேருந்து பட்ச்சுகினு கெடப்பியா?”

“உங்க புள்ளையக் கட்டியிருந்தா,” என்றாள் உதயா, “நீங்க மாத்திரைய முழுங்கறீங்களா துப்பறீங்களான்னு பார்க்க ஒரு நாதி இருந்திருக்காது. நாங்க ரெண்டு பேரும் நாவலூர்ல ஏசியப் போட்டுட்டு தூங்கிட்டிருப்போம்.”

தாயாரம்மாளின் பார்வை அப்போதும் விலகவில்லை. பிறகு முகத்தில் எங்கோ ஒரு தசை தளர்ந்தது.

“வந்துச்சா வாயி,” என்றாள். “பெரிய அண்டாவையெல்லாம் பம்மல்காரனுக்குத் தூக்கிக் குட்த்துட்டேன்டி, உன் மூஞ்சிய நம்பி. ஆடி மாசம் கூழு ஊத்த இன்னாத்த எடுத்துகினு போறது?”

“அவர்கிட்டயே வாடகைக்கு எடுங்க.”

“அவங்கிட்ட நானு? வாடகைக்கு?” தாயாரம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கை கால் குடைச்சலைப் பற்றி டாக்டரிடம் நீயே வந்து சொல், எனக்குச் சொல்லத் தெரியாது என்றாள். சொல்கிறேன் என்றாள் உதயா. உள்ளே போனவள் டப்பாவோடு வந்தாள். ரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு ஓர் அட்டையை உடைத்தாள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். உதயா சொம்பை நீட்டியபோது விமானம் வந்தது.

மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. தாயாரம்மாள் அண்ணாந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியிருந்தாள். உதயா முக்காலியில் உட்கார்ந்து, அது கடந்து போகட்டும் என்று காத்திருந்தாள்.